தைப்பூசத்துக்குப் பினாங்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

மார்கழி பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. ஈப்போவில் இருக்கும் அத்தை, சுங்கை பட்டாணிக்குக் குடிபோன பள்ளித் தோழர்கள், தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள், எல்லாரும் தைப்பூசத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவன். ஜாலான் உத்தாமாவில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் பல வருடங்களாக நிற்கிறேன். கோவில் நிர்வாகத்தில் எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பந்தலில் நிற்கிற ஒருவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசம் எந்தத் தேதியில் வருகிறது?

ஒவ்வொரு வருடமும் மாறும். தை மாதத்துப் பூச நட்சத்திரம், பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டி வரும். 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. பினாங்கில் அன்றைக்குப் பொது விடுமுறை. ஆனால் முதல் நாளும் மறுநாளும் விடுமுறை இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் அந்த இரண்டு நாளுக்கும் இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதாதா?

போதாது. இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்தித்தான் சொல்வேன். பினாங்கில் தைப்பூசம் மூன்று நாள். முதல் நாள் செட்டிப் பூசம், அன்று விடியற்காலையில் தேர் ஊருக்குள்ளிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும். இரண்டாம் நாள் தைப்பூசம், அன்றுதான் பால்குடமும் காவடியும். மூன்றாம் நாள் சாயங்காலம் தேர் மலையடிவாரத்திலிருந்து கிளம்பி, இரவெல்லாம் ஊருக்குள் நகர்ந்து வீடு திரும்பும்.

வெளியூர்க்காரர்கள் நடு நாள் மட்டும் வந்து, கூட்டத்தில் நசுங்கி, காடி நிறுத்த இடம் கிடைக்காமல் அலுத்துப்போய்த் திரும்புகிறார்கள். முதல் நாள் விடியற்காலையில் இந்த ஊர்த் தெருக்கள் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

தண்ணீர்மலைக் கோவிலும் செட்டியார் கோவிலும் ஒன்றுதானே?

இல்லை, இரண்டு கோவில். இரண்டும் ஜாலான் கெபுன் பூங்கா பக்கத்தில், நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போகிறார்கள்.

சாலையோரத்தில் தரையிலேயே இருப்பது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1857இல் கட்டிய தண்டாயுதபாணி கோவில். இன்றைக்கும் நகரத்தார்தான் நடத்துகிறார்கள். மலைமேல் இருப்பது அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோவில். பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. இந்த வாரியத்துக்கு அடிப்படை 1906ஆம் வருடத்துச் சட்டம். மலைமேல் இப்போது நீங்கள் பார்க்கும் பெரிய கோவிலுக்கு 2012 ஜூனில் குடமுழுக்கு நடந்தது. ஐந்நூறு படிக்கு மேல் ஏற வேண்டும்.

அருவியே கண்ணில் படவில்லையே, பிறகு ஏன் தண்ணீர்மலை?

அருவி இருக்கிறது, தாவரவியல் தோட்டத்துக்கு உட்பக்கம். முருகனுக்கு முதலில் அந்த அருவிக்குப் பக்கத்தில்தான் சின்னதாக ஒரு கோவில் இருந்தது. ஊருக்குக் குடிநீர் எடுக்க வெள்ளைக்காரர்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்ட பிறகு கோவில் இந்த மலைக்கு வந்தது. பெயர் கூடவே வந்துவிட்டது.

தேர் ஒன்றா, இரண்டா?

இரண்டு. வெள்ளித் தேர் செட்டியார்களுடையது. 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்தது. பினாங்கு ஸ்திரீட்டில் இருக்கும் கோவில் வீட்டிலிருந்து முருகனை ஏற்றிக்கொண்டு செட்டியார் கோவிலுக்குப் போகும். காளை பூட்டி இழுப்பது வழக்கம். தங்க ரதம் 2017இல் வந்தது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து வேலைச் சுமந்துகொண்டு மலைக்கோவில் அடிவாரத்துக்குப் போகும். குயின் ஸ்திரீட் கோவில் 1833இல் கட்டப்பட்டது, பினாங்கில் இருக்கும் இந்துக் கோவில்களில் பழமையானது.

இரண்டாவது தேர் எதற்கு என்று அப்போது ஊரில் நிறையப் பேச்சு எழுந்தது. சில வீடுகளில் அண்ணன் தம்பிக்குள்ளேயே வாக்குவாதம். என்னைக் கேட்டால், ஒன்றில் முருகன் வருகிறார், இன்னொன்றில் அவர் கையில் இருக்கும் வேல் வருகிறது. எங்கள் குடும்பத்தில் இரண்டுக்கும் தேங்காய் உடைக்கிறோம். எந்தத் தேர் எத்தனை மணிக்கு, எந்த வழியாக என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், மாறுவதுண்டு.

சாலையில் மலைபோலத் தேங்காய் குவித்து உடைக்கிறார்களே, அது எங்கே, எப்போது?

தேர் போகிற வழி நெடுகிலும், தேருக்கு முன்னால். நம் ஊர்த் தைப்பூசத்தின் அடையாளமே இதுதான். டத்தோ கெராமாட் சாலையிலும் ஜாலான் உத்தாமாவிலும் முந்தின இரவே லோரிகளில் தேங்காய் வந்து இறங்கும். மட்டை உரித்த காய்களைச் சிலர் வட்டமாக, சிலர் கோபுரம்போல அடுக்குவார்கள். மேலே கற்பூரம், பூ, மஞ்சள் தண்ணீர். சீனக் குடும்பங்கள் அடுக்கியது என்றால் நடுவில் பெரிய பெரிய ஊதுபத்திகளும் நிற்கும்.

தேர் தெருமுனையில் திரும்புவது தெரிந்ததும் கற்பூரத்தைக் கொளுத்துவார்கள். அப்புறம் ஒரு குரல், "வேல் வேல்!" எல்லாக் கையும் ஒரே நேரத்தில் குனியும். ஆளுக்கு இரண்டு கையிலும் தேங்காய், வீசி அடிக்க அடிக்கச் சாலை முழுக்கச் சத்தம் பொரியும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அவ்வளவுதான், குவியல் காலி. தார்ச்சாலை வெள்ளையாகிவிடும். இளநீரின் இனிப்பும் கற்பூரமும் கலந்த வாடை அடிக்கும். அந்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிடும். அவர் 108 காய் நேர்ந்துகொண்டு, 107 உடைத்துவிட்டுக் கடைசி ஒன்றை என் கையில் கொடுப்பார்.

உடனே மாநகர் மன்றத்து இயந்திரங்கள் வந்து சில்லுகளை ஓரமாகத் தள்ளும். தேர் சக்கரமும் காளையின் காலும் சுத்தமான பாதையில் போக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வேகம்.

வேடிக்கை பார்க்கிறவர்கள் தள்ளி நில்லுங்கள். ஓடு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. உடைக்கிறவர்கள் கண்ணாடியோ ஹெல்மெட்டோ போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. உடைத்து முடிந்த இடத்தில் தரை எண்ணெய்போல வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அத்தனை தேங்காயும் வீண்தானே?

நியாயமான கேள்வி. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருடங்களாகவே "குறைத்து உடையுங்கள்" என்று கேட்டு வருகிறது. தைப்பூச நேரத்தில் தேங்காய் விலை ஏறுவதும் உண்மை. நேர்ந்துகொண்டவரிடம் போய் உடைக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளை பிழைத்தால் 108 காய் என்று வேண்டிக்கொண்ட தாய்க்கு அது வெறும் காய் இல்லை. ஆனால் பக்கத்துக் கூட்டத்தைவிட நம் குவியல் பெரிதாக இருக்க வேண்டும் என்று போட்டிக்காக லோரி லோரியாக இறக்குவது வேண்டுதலில் சேராது. நேர்ந்ததை உடையுங்கள். மிச்சப் பணத்துக்கு அரிசி வாங்கி ஒரு பந்தலில் கொடுங்கள்.

முதல் முறை பால்குடம் எடுக்கப் போகிறேன். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் விரதம். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் இருப்பவர்கள் உண்டு. வேலை, உடல்நிலை பார்த்து 21 நாள், 9 நாள் என்று குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. சைவச் சாப்பாடு, பாய் படுக்கை, காலை மாலை விளக்கு, வாயில் கெட்ட வார்த்தை வராமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். வீட்டில் தீட்டு இருந்தால் வயதில் பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பால்குடச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மஞ்சள் உடை. குடம் பித்தளையோ எவர்சில்வரோ, பெரிதாக வேண்டாம். பார்க்கத்தான் சின்னதாக இருக்கும், தலையில் இரண்டு மணி நேரம் இருந்தால்தான் அதன் கனம் தெரியும். வாயை வாழையிலையால் மூடி, மேலே மஞ்சள் துணி போட்டு, கழுத்தைச் சுற்றி நூலை இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். கசிந்தால் அவிழ்த்து மறுபடியும் கட்டுங்கள். சும்மாடு மறக்க வேண்டாம்.

பாலைப் புறப்படும் இடத்துக்கு வந்த பிறகே ஊற்றுங்கள். இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் முதன்முதலாக எடுத்த வருடம், ஆசையில் விடியற்காலை 3 மணிக்கே வீட்டில் குடத்தை நிரப்பிக் கட்டிவிட்டேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துசேர்ந்து கிளம்பும்போது மணி 10 ஆகிவிட்டது. மலை உச்சியில் துணியை அவிழ்த்தால் பால் திரிந்து கிடக்கிறது. ஐயர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் நெற்றியில் விபூதியை அழுத்திப் பூசி, "அடுத்த வருஷம் வாப்பா" என்றார். அழுதுகொண்டே இறங்கினேன். அடுத்த வருடம் அம்மா ஐஸ் பெட்டியில் பாலைக் கொண்டுவந்து, தெருவோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தார்.

இன்னொன்று, விரதம் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நடக்காதீர்கள். மயங்கி விழுந்தவர்களை எங்கள் பந்தலில் நிழலில் படுக்கவைத்துக் காற்று வீசிய வருடங்கள் உண்டு. விசாரித்தால் பெரும்பாலும், முந்தின இரவிலிருந்து எதுவுமே குடித்திருக்க மாட்டார்கள்.

அலகு குத்திக்கொள்ள ஆசை. யாரைப் பார்க்க வேண்டும்?

ஆசை மட்டும் போதாது. உங்கள் வட்டாரக் கோவிலில் வருடாவருடம் அலகு போட்டு அனுபவப்பட்ட குருவிடம் விரதத்துக்கு முன்பே போய் உட்கார்ந்து பேசுங்கள். சர்க்கரை வியாதி, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து என்று ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். முதல் முறைக்குப் பால்குடமே நிறைவு என்பது என் எண்ணம்.

எத்தனை மணிக்கு மலை ஏறுவது நல்லது?

விடியற்காலை 4 மணிக்கு முன்னால், அல்லது சாயங்காலம் 5 மணிக்குப் பிறகு. நடுப்பகலில் தார்ச்சாலை கொதிக்கும். வெறுங்காலில் நடந்து பழக்கம் இல்லை என்றால் ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே வீட்டு வாசலில் நடந்து பழகுங்கள். சாலைகளை அடைத்துவிடுவார்கள். காடியைத் தூரத்தில் போட்டுவிட்டு நடப்பதே சுலபம். பட்டர்வொர்த் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பாலத்தைவிடப் படகு நிம்மதி, இறங்கும் இடத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம்.

தண்ணீர்ப் பந்தல்களில் சாப்பாடு உண்மையிலேயே இலவசமா? யார் போடுகிறார்கள்?

இலவசம். யார் வேண்டுமானாலும் கை நீட்டலாம், சாமி கும்பிட வந்தவரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். செட்டியார் கோவிலில் தனியாக அன்னதானமும் உண்டு.

பந்தல் போடுகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். தொழிற்சாலை ஊழியர்கள், லோரி ஓட்டுநர்கள், மருத்துவமனைத் தாதியர், பழைய மாணவர்கள், ஒரே அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், சீனக் கடைக்காரர்கள். எங்கள் பந்தல் ஒரு பட்டறையில் சேர்ந்து வேலை பார்த்த ஏழு பேர் ஒரு மேசையும் இரண்டு வாளி மோரும் வைத்துத் தொடங்கியது. இப்போது அவர்களில் நான்கு பேர் உயிரோடு இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்.

முன்னால் தெரிவது மோர், சிராப், தயிர் சாதம், சுண்டல், சைவ மீஹூன். பின்னால் நடப்பதைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்பே அனுமதிக்கு மனு எழுத வேண்டும். கூடாரக்காரரிடம் முன்பணம் கட்ட வேண்டும். செட்டிப் பூசத்துக்கு முந்தின இரவு பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், அந்த வட்டத்தில் எத்தனையோ கல்யாணப் பேச்சு முடிந்திருக்கிறது. ஐஸ் கட்டியைக் கோணிச் சாக்கில் சுற்றி உடைக்க ஒரு ஆள். கரண்டி பிடிக்க இரண்டு ஆள். மூன்று நாளும் குப்பைப் பையை மாற்றிக்கொண்டே இருக்க ஒரு ஆள், அது யார் என்பதில்தான் வருடாவருடம் சண்டை வரும். யாரும் முன்வரவில்லை என்றால் நான் எடுத்துக்கொள்வேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை வேறு. சாலையோரத்தில் மஞ்சள் கலந்த தண்ணீரோடு நின்று, நடந்துவருகிறவர்கள் காலில் ஊற்றுவது. பால்குடம் சுமந்து வருகிறவர் தலையைக் குனிய முடியாது, காலைப் பார்க்க முடியாது. சூடேறிய பாதத்தில் தண்ணீர் பட்டதும் அவர் முகம் ஒரு நொடி தளரும். நிற்க மாட்டார், நன்றி சொல்ல மாட்டார், போய்க்கொண்டே இருப்பார். அந்த முகத்துக்காகத்தான் நான் ஒவ்வொரு வருடமும் வருகிறேன்.

வெளியூர்க்காரர்கள் பந்தலில் உதவலாமா?

தாராளமாக. எந்தப் பந்தலுக்கு வேண்டுமானாலும் போய், "அண்ணே, என்ன வேலை இருக்கு?" என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் உங்கள் கையில் ஒரு கரண்டி இருக்கும். கூட்டம் கூடுவது முதல் இரண்டு நாள், உண்மையில் ஆள் தேவைப்படுவது மூன்றாம் நாள். பெரிய அண்டாக்களைத் தேய்க்க ஆள் கிடைக்காது. வரும்போது சொந்தமாக ஒரு தம்ளரோ போத்தலோ எடுத்து வாருங்கள், அதுவே எங்களுக்குப் பெரிய உதவி.

பந்தல்களில் ஏன் இப்போது சினிமாப் பாட்டு போடுவதில்லை?

கூடாது என்று விதி இருக்கிறது, விதி சரிதான். காவடிக்கு உறுமியும் தவிலும் இருக்கின்றன. பக்திப் பாட்டைக்கூட ஓரளவு சத்தத்தில் வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பக்கத்தில் காவடி தூக்கி வருகிறவர் தன் கூட்டத்தார் பாடுவதைக் கேட்டுத்தான் அடி எடுத்து வைக்கிறார்.

சீன நண்பரை அழைத்து வரலாமா? சங்கடப்படுவாரா?

அவர் உங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். பினாங்கில் சீனர்கள் தேங்காய் உடைக்கிறார்கள், பால்குடம் எடுக்கிறார்கள், காவடியும் தூக்குகிறார்கள். எங்கள் பந்தலுக்கு வருடாவருடம் ஒரு சீன ஆந்தி ஐந்து பெட்டி ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து இறக்குவார். அவருடைய மகன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது வேண்டிக்கொண்டாராம். அந்த மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, பழம் மட்டும் நிற்கவில்லை. குயின் ஸ்திரீட் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் சீனர்களின் கருணைத் தாய் கோவிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இருக்கின்றன. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாக் கோவில் வாசலும் பழக்கம்.

நண்பர் கோவிலுக்கு ஏற்ற உடையில் வரட்டும், அன்றைக்குச் சைவம் சாப்பிட்டிருந்தால் நல்லது.

படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். அலகு குத்தும் நேரத்தில் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டாதீர்கள். அருள் வந்து ஆடுகிறவரை வீடியோ எடுத்துப் பரப்புவது தப்பு. அவர் யாரோ ஒருவருடைய மகள், யாரோ ஒருவருடைய அம்மா.

பத்துமலை பெரிதா, பினாங்கு பெரிதா?

கூட்டத்தில் பத்துமலைதான். அங்கே 1892இலிருந்து தைப்பூசம் நடக்கிறது, 272 படி, 42.7 மீட்டர் முருகன் சிலை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்பட்டுப் பத்துமலைக்குப் போகும். எங்கள் ஊரில் தேர் பகல் முழுக்க வீடும் கடையும் இருக்கிற தெருக்களில் ஊர்ந்து வரும். காடியில் கால் மணி நேரத்தில் போகிற பாதைக்கு ஒரு நாள் ஆகிறது, வாசலுக்கு வாசல் நிற்பதால். இரண்டையும் பார்த்தவன் நான். எனக்குப் பினாங்குதான்.

தைப்பூசம் தவிர வேறு எப்போது வரலாம்?

மாசி மகத்துக்குத் தெலுக் பகாங் வாருங்கள். சிங்கமுகக் காளியம்மன் கோவிலிலிருந்து அம்மன் தெப்பத்தில் கடலுக்குப் போவார், இருட்டிய பிறகு கடல்மேல் விளக்குகள் மிதக்கும். நவராத்திரிக்குக் குயின் ஸ்திரீட். விஜயதசமி அன்று அம்மன் மரத் தேரில் லிட்டில் இந்தியாவைச் சுற்றி வருவார். பிள்ளைகள் இருக்கிற வீட்டார் மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்கும் வர வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை மேடையேறி, பாதியில் மறந்துபோய், கீழே அம்மாவின் உதட்டைப் பார்த்துத் தேவாரத்தை முடிப்பதைக் கேட்க வேண்டும்.

எங்கள் பாட்டியால் மலை ஏற முடியாது. அழைத்து வருவதில் பயன் உண்டா?

தேர் வருவதே அவர்களுக்காகத்தான். மலையேற முடியாதவரைப் பார்க்க முருகன் கீழே இறங்கித் தெருவுக்கு வருகிறார் என்று எங்கள் பாட்டி சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். முதல் நாள் காலை, இல்லாவிட்டால் மூன்றாம் நாள் இரவு, தேர் போகும் வழியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மூன்றாம் நாள் இரவில் நெரிசல் குறைவு, வெயிலும் இல்லை. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, ஊதுபத்தி, கற்பூரம். தேர் நின்றதும் தட்டை மேலே நீட்டினால் வாங்கி அர்ச்சனை செய்து, விபூதியோடு திருப்பிக் கொடுப்பார்கள். கைக்குழந்தை இருந்தால் அதையும் தூக்கிக் கொடுக்கலாம், சாமிக்குக் காட்டிவிட்டுத் தருவார்கள்.

எங்கள் பாட்டி கடைசியாகப் பார்த்த தைப்பூசத்தில் தேர் எங்கள் தெருவுக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டு முன்புறத்து நடைபாதையான ஐந்தடி வழியில் பிரம்பு நாற்காலியில், மடியில் தட்டோடு தூங்கிப்போயிருந்தார். எழுப்பலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காளையின் கழுத்துமணி கேட்டது. கண்ணைத் திறந்து, யாரையும் கேட்காமல், தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.